டி டிரைவுக்குக் கீழே ஒரு கை

(இது ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்கலாம். உங்க ஃபோன் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை இதுவரைக்கும் யார் யாருக்குக் கொடுத்திருக்கீங்க? ரூம்மேட், ஆஃபீஸ் நண்பர், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன். கொடுத்த கையோடு மறந்திருப்பீங்க. நானும் அப்படித்தான்.

இன்றைக்கு நான் பேசப்போவது அந்த ஹாட்ஸ்பாட்டின் தாத்தாவைப் பற்றி. வீட்டில் இரண்டு பழைய கம்ப்யூட்டர், நடுவில் ஒரு கேபிள், மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு இன்டர்நெட் லைன். இதை எங்கள் வீட்டில் செட் பண்ணியவன் நான்தான். ரொம்பப் பெருமையாகப் பண்ணினேன். அதே கேபிள் வழியாக நான் செய்த ஒரு காரியத்துக்காக என் அக்கா என்னோடு ஏழு மாதம் பேசவில்லை.

முதலில் கேபிள் கதை, அப்புறம் அக்கா கதை. கேபிள் புரிந்தால்தான் மற்றது புரியும்.

ஒரு லைன், இரண்டு கம்ப்யூட்டர்

வருஷம் 2005. திருச்சி உறையூரில் எங்கள் வீடு. நான் பதினொன்றாம் வகுப்பு. அக்கா காலேஜ் இரண்டாம் வருஷம். ஏற்கெனவே வீட்டில் ஒரு பென்டியம் 3 இருந்தது. விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன், 64 எம்பி ராம். அக்காவுக்கு ப்ராஜெக்ட் வேலை வரும் என்று அப்பா புதிதாக ஒன்று அசெம்பிள் பண்ணி வாங்கினார். பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. புதியது அக்காவின் உள் ரூமுக்குப் போனது. பழையது ஹாலில், எனக்கு.

அந்த வருஷம் ஜனவரியில்தான் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் டயல்-அப். யாராவது லேண்ட்லைனில் பேசினால் நெட் கிடையாது. நெட்டில் இருந்தால் அத்தை போன் அடிச்சாலும் எங்கேஜ்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் மூலமாகத்தான். பத்து வருஷத்தில் பிராட்பேண்ட் வந்துவிட்டது. வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 256 கிலோபிட். எம்பி இல்லை, கிலோபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 32 கிலோபைட். ஐந்து எம்பி பாட்டு ஒன்று இறங்க இரண்டரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். 700 எம்பி படத்துக்கு ஆறு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். சில திட்டங்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை டவுன்லோடு கணக்கில் வராது. மொத்தம் ஆறு மணி நேரம். எவ்வளவு கச்சிதமாக அலாரம் வைத்து எழுந்தாலும் க்ளைமாக்ஸ் மிச்சமிருக்கும்போது விடிந்துவிடும்.

அந்த லைனுக்கு வந்த மோடமில் ஈதர்நெட் துளை ஒன்றே ஒன்று. அதில் அக்கா கம்ப்யூட்டர் மாட்டியாகிவிட்டது. இப்போது மாதிரி நாலு துளையும் வைஃபை ஆன்டெனாவும் உள்ள ரவுட்டர் வாங்கலாம்தான், ஆனால் அந்த விலையை அப்பாவிடம் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அக்கா கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு எனக்கு வேண்டுமென்றால் ஃப்ளாப்பி. ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பி. ஒரு பாட்டை நாலு துண்டாக வெட்டி, நாலு ஃப்ளாப்பியில் ஏற்றி, ஹாலுக்குக் கொண்டு வந்து ஒட்ட வேண்டும். மூன்றாவது ஃப்ளாப்பியில் எப்போதும் எரர் வரும். ஏன் மூன்றாவது என்று இன்று வரை தெரியாது.

ஒரு நாள் கடையில் கேட்டேன். கடைக்கார அண்ணன் சொன்னார், "தம்பி, அக்கா சிஸ்டத்துல இன்னொரு லேன் கார்டு போடு. உன் சிஸ்டத்துல ஒண்ணு போடு. நடுவுல க்ராஸ் கேபிள் இழு. முடிஞ்சுது."

க்ராஸ் கேபிள்

அப்போது இது ஒரு தனிச் சரக்கு. சாதாரண நெட்வொர்க் கேபிளில் எட்டு கம்பி. இரண்டு முனையிலும் ஒரே வரிசை. கம்ப்யூட்டரிலிருந்து மோடமுக்கோ ஸ்விட்சுக்கோ போக அது போதும், ஏனென்றால் ஒன்று பேசும் துளையில் மற்றது கேட்கிற மாதிரி ஏற்கெனவே அமைத்திருப்பார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேராக மாட்டினால், இரண்டும் ஒரே ஜோடிக் கம்பியில் பேசும், ஒரே ஜோடியில் காது வைத்துக் காத்திருக்கும். இரண்டு பேரும் வாயோடு வாய் ஒட்டி ஃபோன் பேசுவது மாதிரி. அதனால் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி க்ரிம்ப் பண்ண வேண்டும். ஒன்றும் மூன்றும் மாறும், இரண்டும் ஆறும் மாறும். அவ்வளவுதான் க்ராஸ் கேபிள். இன்றைய நெட்வொர்க் கார்டுகள் இதைத் தாங்களே கண்டுபிடித்து மாற்றிக்கொள்வதால் உங்களுக்கு இந்தப் பெயரே தெரியாமல் போயிருக்கலாம்.

உள் ரூம் நிலைப்படிக்கு மேலாக, ஆணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து, ஹால் வரைக்கும் கேபிள் இழுத்தேன். அம்மா ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் என் நெட்வொர்க் டவுன்.

அடுத்தது இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ்பியில் நெட்வொர்க் அமைக்க ஒரு விஸார்டு உண்டு. அது ஒரு ஃப்ளாப்பி போடச் சொல்லும். அந்த ஃப்ளாப்பியைக் கொண்டுபோய் 98-ல் ஓட்ட வேண்டும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வொர்க்க்ரூப் பெயரில் இருக்க வேண்டும். எக்ஸ்பி விஸார்டு தானாக எம்எஸ்ஹோம் என்று வைத்தது. என்னுடையதில் வொர்க்க்ரூப் என்றே இருந்தது. இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

கடைசியில் டாஸ் விண்டோவில் பிங் 192.168.0.1 என்று அடித்தேன். நாலு வரி பதில் வந்தது. ஹாலில் தனியாகக் கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடா, கரன்ட் வந்துடுச்சா?" என்றாள்.

மேற்பார்வை, பார்வையாளர்

இப்போது நெட். எக்ஸ்பியில் பிராட்பேண்ட் கனெக்‌ஷனை ரைட் க்ளிக் பண்ணி, அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் ஒரு டிக். மற்ற கம்ப்யூட்டர்கள் இந்த இணைப்பு வழியாகப் போகலாம் என்று அர்த்தம். இதற்குப் பெயர் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங். விண்டோஸில் இது முதலில் வந்தது 1999-ல், 98 செகண்ட் எடிஷனோடு. அந்த டிக்கைப் போட்டதும் அக்கா கம்ப்யூட்டர் தனக்கு 192.168.0.1 என்று விலாசம் வைத்துக்கொண்டு, என்னுடையதற்கு ஒரு விலாசத்தைத் தானே வழங்கியது.

உள்ளே என்ன நடக்கிறது? ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். வெளி உலகத்துக்குத் தெரிந்தது ஒரே விலாசம், ஹாஸ்டல் விலாசம். உள்ளே இருக்கும் பையன்களுக்கு வரும் கடிதமெல்லாம் மே/பா வார்டன் என்றுதான் வரும். எந்தக் கடிதம் எந்த ரூமுக்கு என்று வார்டன் ஒரு நோட்டில் குறித்து வைத்துப் பிரித்துக் கொடுப்பார். அக்கா கம்ப்யூட்டர்தான் வார்டன். நான் ஒரு பக்கம் கேட்டால், அது தன் பெயரில் வெளியே கேட்டு, பதில் வந்ததும் யார் கேட்டது என்று நோட்டைப் பார்த்து எனக்குத் தள்ளிவிடும். இதன் பொதுப் பெயர் நாட். இந்த ஏற்பாடு இல்லையென்றால் உலகத்தில் விலாசம் எப்போதோ தீர்ந்து சிக்கலாகியிருக்கும். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி விலாசம்தான். அதன் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் காலி. 192.168 என்று தொடங்குவதை வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதனால்தான் உங்க வீட்டு ரவுட்டரும் என் வீட்டு ரவுட்டரும் ஒரே விலாசத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

இன்றைய விண்டோஸிலும் சர்வீஸ் பட்டியலைத் திறந்து பாருங்க. இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்ற பெயர் இன்னும் அங்கே இருக்கும். நீங்க லேப்டாப்பிலிருந்து ஹாட்ஸ்பாட் போடும்போது வேலை செய்வது அந்தத் தாத்தாதான்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்க. நான் நெட் பார்க்க வேண்டுமென்றால் அக்கா கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் தலைமாட்டில் அந்த சிபியு ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். "டேய், மிக்ஸி மாதிரி சத்தம் போடுதுடா" என்பாள். ஆனால் அணைக்க மாட்டாள். தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு தூங்குவாள். வார்டன் விட்டுக்கொடுத்ததால்தான் என் இன்டர்நெட் ஓடியது. அது எனக்கு அப்போது புரியவில்லை.

"இங்கே க்ளிக் செய்யவும்"

நெட் வந்துவிட்டது. அடுத்து ஃபைல்.

அக்கா கம்ப்யூட்டரில் பாட்டெல்லாம் டி டிரைவில் இருந்தது. ஒழுங்காகப் பண்ணுகிறவன் பாட்டு ஃபோல்டரை மட்டும் ஷேர் பண்ணியிருப்பான். எனக்குப் பொறுமை இல்லை. டி டிரைவையே ரைட் க்ளிக் பண்ணி ஷேரிங் என்று போனேன். எக்ஸ்பி தடுத்தது. முழு டிரைவைப் பகிர்வது ஆபத்து, அந்த ஆபத்து புரிந்தும் பகிர விரும்பினால் இங்கே க்ளிக் செய்யவும் என்கிற மாதிரி ஒரு வரி. எனக்கு ஆபத்து புரிந்ததா? இல்லை. க்ளிக் பண்ணினேனா? பண்ணினேன். அக்கா அப்போது காலேஜில் இருந்தாள்.

அவள் கம்ப்யூட்டருக்கு லாகின் பாஸ்வேர்டு உண்டு. என்னையும் அம்மாவையும் நம்பாமல் வைத்தது இல்லை, அவளுக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று வைத்தது. அன்றைக்கு செட்டிங் பண்ண அவளே லாகின் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஆனால் எக்ஸ்பியில் சாதாரண ஃபைல் ஷேரிங் எப்படி வேலை செய்யும் என்றால், நெட்வொர்க் வழியாக வருகிற எல்லாரையும் கெஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு கேட்காது. எங்கள் கடைக்கார அண்ணன் டி டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் பண்ணியிருந்தார். அந்த முறையில் இது இன்னாருடைய ஃபைல் என்று பூட்டுப் போடவே வழியில்லை. ஆக, அவள் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். நான் கொல்லைக் கதவைக் கழற்றி வைத்திருந்தேன்.

ஷேர் பண்ணிய டிரைவின் படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கை வரும். தட்டு ஏந்துகிற மாதிரி, டிரைவைத் தாங்கிப் பிடிக்கிற கை. அந்தக் கையை அக்கா தினமும் பார்த்திருப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான்.

இந்த அலட்சியம் என் ஒருத்தனுடையது மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வீட்டு நெட்வொர்க் எல்லாமே, உள்ளே இருப்பவர் எல்லாம் நம்ம ஆள் என்ற நினைப்பில் கட்டப்பட்டவை. விண்டோஸ் 95, 98-ல் ஷேருக்குப் பாஸ்வேர்டு போடலாம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. எதிர்முனைக் கம்ப்யூட்டர் கேட்கிற விதத்தில் கேட்டால், பாஸ்வேர்டின் முதல் எழுத்து மட்டும் சரியாக இருந்தாலே கதவு திறந்துவிடும். 2000 அக்டோபரில்தான் அதற்குத் திருத்தம் வந்தது. மறு வருஷம் செப்டம்பரில் நிம்டா என்று ஒரு வார்ம். அது பரவிய வழிகளில் ஒன்று, இப்படித் திறந்து கிடந்த ஷேர்கள். நம்ம ஆள் என்ற நினைப்பில் திறந்து வைத்த கதவு, வீடு இன்டர்நெட்டோடு சேர்ந்த பிறகும் திறந்தே கிடந்தது.

நியூ ஃபோல்டர் (3)

2006. அக்கா கடைசி வருஷம். ஒரு சாயங்காலம் பாட்டுத் தேடப் போனேன். டி டிரைவில் நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் (2), நியூ ஃபோல்டர் (3). எதையாவது மறைக்க வேண்டுமென்றால் நாமெல்லாம் அப்படித்தான் பெயர் வைப்போம், இல்லையா? யாரும் திறக்கமாட்டார்கள் என்று.

மூன்றாவதைத் திறந்தேன். பாட்டு இல்லை. வேர்டு ஃபைல்கள். அங்கேயே மூடியிருக்கலாம். ஒன்றைத் திறந்தேன். சென்னையில் ஜர்னலிசம் படிக்க ஒரு அப்ளிகேஷன். இன்னொன்று, தோழிக்கு எழுதிய கடிதம். வீட்டில் எம்.எஸ்சி. என்று முடிவாகிவிட்டது, அதற்கு நடுவிலேயே வரன் பேச்சும் தொடங்கிவிட்டது, இன்டர்வியூ கடிதம் வந்ததும் அப்பாவிடம் தானே உட்கார்ந்து பேசப் போகிறேன், எப்படிச் சொன்னால் கேட்பார் என்று யோசித்து வைத்திருக்கிறேன் என்று. மூன்று பக்கம். முழுக்கப் படித்தேன்.

கெட்ட எண்ணத்தோடு படிக்கவில்லை. பதினாறு வயசு. அன்று ராத்திரி சாப்பாட்டில் ஏதோ சண்டை. ரசத்துக்கு அப்பளம் யாருக்கு என்கிற மாதிரி ஒரு சண்டை. வாய் தவறி இல்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன். "உனக்கென்ன, நீதான் மெட்ராஸ் போகப்போறியே."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். அக்கா என்னைப் பார்த்தாள். அப்பா கேட்டார், அவள் பதில் சொன்னாள், ஆனால் அவள் யோசித்து வைத்திருந்த மாதிரி இல்லை. திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி சொன்னாள். அவளாகச் சொல்லியிருந்தால் அப்பா சம்மதித்திருப்பாரா? தெரியாது. சம்மதிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்கும் உரிமை அவளுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன். இன்டர்வியூவுக்கு அவள் போகவில்லை. திருச்சியிலேயே எம்.எஸ்சி. சேர்ந்தாள்.

அன்றைக்கு ராத்திரி ஹாலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நெட்வொர்க்ல தெரிஞ்சுது."

"நெட்வொர்க்ல தெரிஞ்சுதா, நீ பாத்தியா?"

நான் பதில் சொல்லவில்லை. உள்ளே போனாள். இரண்டு நிமிஷத்தில் என் நெட்வொர்க் நின்றது. அவள் பக்கத்திலிருந்து பிடுங்கியிருந்தாள். ஹாலில் என் கம்ப்யூட்டரில் மாட்டிய கேபிளின் மறு முனை, உள் ரூம் நிலைப்படியில் ஏழு மாதம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிறகு பேசினாள். சாதாரணமாகத்தான் பேசினாள். ஆனால் கம்ப்யூட்டரை எனக்கு லாகின் பண்ணிக் கொடுத்ததில்லை.

பரண் மேலிருந்து

போன வருஷம் உறையூர் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அம்மா பரணைக் காலி பண்ணச் சொன்னார். இரண்டு சிபியுவும் அங்கேதான் இருந்தன. பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் வாத்தியார்.

கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "டி டிரைவ்ல என் ஃபோல்டர் ஒண்ணு இருக்கும். எது-ன்னு உனக்குத் தெரியும். எடுத்துக் குடு" என்றாள். ஒரு நொடி விட்டு, "தொறக்காத."

சரின்னு சொல்லி எக்ஸ்பி மிஷினைத் தூக்கிக்கொண்டு சென்னை வந்தேன். ஆன் ஆனது. மதர்போர்டு பேட்டரி செத்துப்போனதால் தேதி எங்கேயோ பின்னால் போயிருந்தது. அவ்வளவுதான். பழைய ஆசையில் லேப்டாப்பையும் அதையும் கேபிளால் இணைத்தேன். இப்போது சாதாரண கேபிளே போதும், லேப்டாப்பே மாற்றிக்கொள்கிறது. பிங் போனது. ஆனால் டி டிரைவ் வரவில்லை.

காரணம் இருக்கிறது. எக்ஸ்பி ஃபைல் பகிரப் பேசும் பாஷை எஸ்எம்பி-யின் முதல் பதிப்பு. 2017 மே 12-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆஃபீஸ் எல்லாவற்றையும் முடக்கியதே, அது நுழைந்தது அந்தப் பழைய பாஷையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மார்ச்சிலேயே அதற்குத் திருத்தம் வந்துவிட்டது; போடாதவர்கள் மாட்டினார்கள். அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் இந்தப் பழைய பாஷை உள்ளே வருவதில்லை. என் லேப்டாப் எக்ஸ்பியோடு பேச மறுத்தது சரியான காரணத்துக்காகத்தான். அதை வலுக்கட்டாயமாக ஆன் பண்ண வழி உண்டு. ஆபத்து புரிந்தும் தொடர விரும்பினால் இங்கே க்ளிக் செய்யவும், மறுபடியும். இந்தத் தடவை பண்ணவில்லை.

ரிச்சி தெருவுக்குப் போய் பழைய ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பி-யில் மாட்டும் ஒரு அடாப்டர் வாங்கினேன். டிஸ்க்கைக் கழற்றி, மாட்டினேன். ஃபேட்32 என்பதால் லேப்டாப் உடனே படித்துவிட்டது. அன்றைக்கு அவளைக் காப்பாற்றாத அதே ஃபேட்32, இன்றைக்கு உதவியது.

நியூ ஃபோல்டர் (3). அங்கேயே இருந்தது.

ஒரு ஃபோல்டர் சரியாக வந்ததா என்று திறக்காமல் பார்க்க முடியும். ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ். உள்ளே எத்தனை ஃபைல், மொத்தம் எவ்வளவு சைஸ் என்று காட்டும். டிஸ்க்கில் 14 ஃபைல். பென் டிரைவில் 14 ஃபைல். பைட் கணக்கும் ஒன்றே. நான் 2006-ல் பார்த்தபோது எத்தனை இருந்தது என்று நினைவில்லை. அதற்குப் பிறகும் அவள் அதில் எழுதியிருக்கலாம். கர்சர் அதன் மேலே நின்றது. நின்றதை மறைக்க விரும்பவில்லை. அப்புறம் எஜெக்ட் கொடுத்தேன்.

மெயிலில் அனுப்பவில்லை, க்ளவுடில் போடவில்லை. கோயம்புத்தூர் போய்க் கையில் கொடுத்தேன். "தொறக்கலை" என்றேன். "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. காபி போட உள்ளே போனாள். பென் டிரைவ் டிவி ஸ்டாண்டு மேல் சாவிகளோடு கிடந்தது. அவள் திறந்தாளா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

உங்க வீட்டுப் பரண்

கடைசியாகக் கொஞ்சம் உபயோகமான விஷயம். உங்க வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் பரணில் இருக்கும்.

ஒன்று, அதை ஆன் பண்ணி வீட்டு நெட்டில் சேர்க்காதீங்க. விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2006 ஜூலையில் நின்றது, எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில். டிஸ்க்கைக் கழற்றி அடாப்டரில் மாட்டுவதுதான் நல்லது. நெட்வொர்க்கில்தான் எடுத்தாக வேண்டுமென்றால், வைஃபையை அணைத்து, இரண்டு மிஷினுக்கும் நடுவில் கேபிள் மட்டும் போட்டு எடுங்க. வேலை முடிந்ததும் மாற்றிய செட்டிங்கைத் திரும்ப மாற்றிவிடுங்க.

இரண்டு, கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க. பழைய டிஸ்க் நடுவில் நின்றுபோனால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும்.

மூன்று, எடைக்குப் போடும் முன்னால் டிஸ்க்கை முழுசாக அழியுங்க. டெலீட் பண்ணுவது அழிப்பது இல்லை.

நாலாவது, இதுதான் முக்கியம். உள்ளே யாருடைய ஃபைல் இருக்கிறதோ அவங்களைக் கேளுங்க. நீங்கதான் வீட்டில் டெக்னிக்கல் ஆள் என்றால் இன்னும் முக்கியம். அப்பா ஃபோனுக்கு பேக்கப் போடுவது நீங்க, அம்மா ஃபோட்டோவை க்ளவுடில் ஏற்றுவது நீங்க, தங்கை லேப்டாப்பை ரிப்பேர் பண்ணுவது நீங்க. எது யாருக்குத் தெரிகிறது என்று அந்த வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சின்னக் கைக்கு என்ன அர்த்தம் என்று அவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. ஐஃபோனில் ஏர்டிராப்பை எல்லாருக்கும் திறந்தால் பத்து நிமிஷத்தில் தானாக மூடிக்கொள்ளும்படி 2022-ல் மாற்றினார்கள். நான் திறந்தது ஒரு வருஷத்துக்கு மேல் திறந்தே கிடந்தது.

இந்த எபிசோடை அக்காவிடம் முதலில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள். அன்றைக்குச் சண்டை அப்பளத்துக்கு இல்லையாம், நெட்டுக்காம். ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்கப் போறேன்னு அவள் சொன்னாளாம். அதற்குத்தான் நான் அப்படிச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது.

"அதையும் சேத்துச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

அடுத்த எபிசோடில் பேசலாம்.